ஹாக்கிக் கையுறை மெத்தை: எந்தக் குறைக்கு எந்தத் தையலைப் பிரிப்பது

ஐஸ் ஹாக்கிக் கையுறையில் தைத்து வைத்திருக்கும் மெத்தைகளில் சிலவற்றை வீட்டிலேயே பிரித்தெடுக்க முடியும். மட்டை கைக்கு நெருக்கமாக வரும். மணிக்கட்டு தாராளமாகத் திரும்பும். ஆனால் எது எதற்காக இருக்கிறது என்று பார்க்காமல் கத்தரியை எடுத்தால் கையுறை பாழாவதோடு விரலுக்கும் ஆபத்து. கீழே குறைவாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வேண்டியதை மட்டும் படித்தால் போதும். அடுத்த மூன்று பத்திகளை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

கையுறையில் மெத்தை மூன்று இடங்களில் இருக்கிறது. புறங்கையிலும் விரல்களின் மேலும் வரிசையாக இருக்கும் தடித்த பட்டைகள் முதல் வகை. அவற்றுள் கெட்டி நுரை, அதன்மேல் பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் தகடு. உள்ளங்கைத் துணியின் மேல் கூடுதலாகத் தைத்திருக்கும் ஒட்டுகள் இரண்டாவது. கஃப்பின் (மணிக்கட்டை மூடும் வாய்ப்பகுதி) உட்புறத்திலும் கட்டைவிரல் கவட்டிலும் ஒளிந்திருக்கும் சிறு திண்டுகள் மூன்றாவது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தாராளமாகக் கை வைக்கலாம். முதல் வகையை, எவ்வளவு தொல்லை கொடுத்தாலும், தொடக் கூடாது. மட்டையைப் பிடிக்கும் பக்கம் உங்கள் வசதிக்கு உரியது. எதிராளியின் மட்டை வந்து விழும் பக்கம் உங்கள் எலும்புக்கு உரியது.

இதில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2017 மார்ச்சில் ஒட்டாவா செனட்டர்ஸ் அணியின் தற்காப்பு ஆட்டக்காரர் மார்க் மெத்தோவின் சுண்டுவிரல் நுனி, எதிரணியின் சிட்னி க்ராஸ்பியின் மட்டை வெட்டில், அதாவது மட்டையை வீசி அடித்த அடியில், சிதைந்தது. தொழில்முறை ஆட்டக்காரருக்குரிய முழுக் கையுறை போட்டிருந்த கைக்கே அந்த நிலை. அடுத்த பருவத்தில் என்.எச்.எல். (வட அமெரிக்கத் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்) நடுவர்கள் கைமீது விழும் வெட்டுகளுக்குக் கடுமையாகத் தண்டனை கொடுக்கத் தொடங்கினார்கள். வார இறுதி ஆட்டங்களில் அந்தக் கண்டிப்பை எதிர்பார்க்க முடியாது; தவறி விழும் அடிகளோ அங்கே இன்னும் அதிகம். கோல்காப்பாளர் கையுறைகளையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவற்றின் உள்ளங்கை மெத்தைகூட பக்கின் (ஆட்டத்தில் அடிக்கும் ரப்பர் வட்டு) வேகத்தைத் தாங்குவதற்காக வைத்ததுதான். சிறுவர்களின் கையுறையில் எதையும் பிரிக்க வேண்டாம். அவர்களுடைய குறை எப்போதும் அளவுக் குறை.

தேவையான பொருட்கள் அதிகமில்லை. தையற்கடையில் கிடைக்கும் தையல் பிரிக்கும் கருவி (கவட்டின் ஒரு முனையில் சிறு சிவப்பு மணி இருக்குமே, அது), வளைந்த முனையுள்ள சிறு கத்தரி, தோல் தைக்கும் ஊசி, மெழுகு பூசிய நைலான் நூல், வெள்ளைச் சாக்குக்கட்டி. பருத்தி நூலைத் தவிர்த்துவிடுங்கள். வியர்வையில் ஒரே பருவத்தில் இற்றுப்போகும். சவரக்கத்தியும் வேண்டாம். அது நூலுக்கும் துணிக்கும் வித்தியாசம் பார்க்காது.

மட்டை கையில் இருப்பதே தெரியவில்லை

அதிகம் கேட்கும் புலம்பல் இதுதான். பிரிப்பதற்கு முன் ஒரு சோதனை. உள்ளங்கைத் துணியை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்துத் தேய்த்துப் பாருங்கள். அட்டைபோல் மொடமொடவென்று இருந்தால் குற்றவாளி மெத்தை அல்ல, காய்ந்த வியர்வை உப்பு. ஈரத்துணியால் நன்றாகத் துடைத்து, மின்விசிறிக் காற்றில் காயவைத்து, கையில் போட்டபடி கசக்கினாலே பாதி சரியாகும். ஹீட்டர் மேலோ துணி உலர்த்தும் இயந்திரத்திலோ காயவைத்துத்தான் பலருடைய கையுறை முதலில் விறைக்கிறது; பழியோ மெத்தை மேல் விழுகிறது.

துணி மென்மையாக இருந்தும் மட்டை தெரியவில்லை என்றால் ஒட்டுகளைப் பாருங்கள். உள்ளங்கையின் அடிமேட்டிலும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட கவட்டிலும் இரண்டாவது அடுக்குத் துணி தைக்கப்பட்டிருக்கும். சில கையுறைகளில் அதற்கு அடியில் மெல்லிய நுரையும் உண்டு. எல்லா ஒட்டும் ஒட்டு அல்ல என்பதுதான் இதில் சிக்கல். சிலவற்றில் அது மேலே தைத்த கூடுதல் துண்டு. வேறு சிலவற்றில் உள்ளங்கைத் துணியையே வெட்டி, அந்த இடைவெளியில் வேறு துணியைப் பொருத்தித் தைத்திருப்பார்கள். இரண்டாவதைப் பிரித்தால் மிஞ்சுவது ஓட்டை. ஊசி முனையால் விளிம்பை மெல்ல நெம்பி, அடியில் உள்ளங்கைத் துணி தொடர்ந்து ஓடுகிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். தொடர்ந்தால் வேலையை ஆரம்பிக்கலாம். தொடராவிட்டால் அந்தக் கையுறையை அப்படியே விட்டுவிட வேண்டியதுதான்.

பிரிக்கும் விதம் இப்படி. ஒட்டின் விளிம்பை ஒட்டி ஓடும் மேல்நூலில் ஒரு கண்ணியின் அடியில் கருவியின் நீண்ட கூர்முனையை நுழைத்து அறுங்கள். மூன்று கண்ணிகளை விட்டு நான்காவதை அறுங்கள். இப்படியே சுற்றி வாருங்கள். உள்ளங்கைக்கு உள்துணி இல்லாத கையுறையாக இருந்தால் கஃப்பை மடக்கி உட்புறத்தை வெளியே கொண்டுவந்து, அடிநூலின் நுனியைப் பிடித்து இழுங்கள். நீளமாக ஒரே இழையாக வந்துவிடும்; மேல்பக்கத்தில் அறுபட்ட நூல் துண்டுகள் தாமாக உதிரும். உள்துணி மறைத்தால் இந்தச் சுகம் கிடையாது. ஒட்டின் விளிம்பைத் தூக்கி, இரண்டு அடுக்குக்கு நடுவே விறைத்து நிற்கும் நூல்களை ஒவ்வொன்றாக அறுக்க வேண்டும். அவசரப்பட்டு ஒட்டைப் பிடித்துப் பிய்த்தால் நூல் அறுவதற்கு முன் உள்ளங்கைத் துணி கிழியும்.

ஒட்டின் ஒரு பக்கம் பெரும்பாலும் கையுறையின் ஓரத் தையலுக்குள் போய் முடியும். அந்த ஓரத் தையல்தான் உள்ளங்கையையும் விரலிடுக்குத் துணியையும் பிணைத்து வைத்திருக்கிறது. அதைப் பிரிக்கக் கூடாது. தையலிலிருந்து 3 மில்லிமீட்டர் தள்ளி ஒட்டை வளைந்த கத்தரியால் நறுக்கிவிடுங்கள். உள்ளே சிக்கிய விளிம்பு அப்படியே இருந்துபோகட்டும்.

கூடுதல் ஒட்டு சும்மா வைத்ததல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். மட்டையின் மேல்முனையில் சுற்றும் சொரசொரப்பான துணி டேப், அந்த முனையைப் பிடிக்கும் மேல்கையின் உள்ளங்கையை அரைத்துத் தள்ளும். ஒட்டை எடுத்தால் அந்த இடத்தில் உள்ளங்கை சீக்கிரம் தேயும். மேல்கைக் கையுறையில் கவட்டு ஒட்டை மட்டும் எடுத்து அடிமேட்டு ஒட்டை விட்டுவைப்பது என் பழக்கம். இரண்டையும் எடுப்பவர்கள் சொரசொரப்புக் குறைந்த டேப்புக்கு மாறிக்கொள்வது நல்லது.

பிரித்த இடத்தில் துளை வரிசை கிழியத் தொடங்குகிறது

ஊசித் துளைகள் நெருக்கமாக இருந்த இடத்தில் நடக்கும். துணி அந்தக் கோட்டில் ஏற்கெனவே பலவீனப்பட்டிருக்கிறது. உடனடிப் பசை என்று விற்கும் சயனோஅக்ரிலேட்டை ஊற்றிவிடாதீர்கள். அது கண்ணாடிபோல் இறுகும். பசை முடியும் ஓரத்தில் அடுத்த கிழிசல் பிறக்கும். ஷூ அடிப்பாகம் ஒட்டும், காய்ந்த பின்னும் வளைந்து கொடுக்கும் பசையை உட்புறமிருந்து மெல்லியதாகத் தடவி ஓர் இரவு விட்டுவிடுங்கள். கிழிசல் ஏற்கெனவே ஓடியிருந்தால், பிரித்தெடுத்த ஒட்டிலிருந்தே ஒரு பட்டையை வெட்டி, உட்புறம் வைத்து, பழைய துளைகளின் வழியாகவே கெட்டித் தையல் போடுங்கள். புதுத் துளை போடாதீர்கள்.

பிரித்த இடம் பிசுபிசுக்கிறது

தைப்பதற்கு முன் துண்டு நகராமலிருக்க ஒட்டிய பசை அது. தின்னர், நகப்பூச்சு நீக்கி போன்றவை பக்கத்தில்கூட வரக் கூடாது. இன்றைய உள்ளங்கைத் துணி பெரும்பாலும் நுண்ணிழை நைலானைப் பாலியூரித்தேனில் பிணைத்துச் செய்தது. அந்தத் திரவங்கள் பாலியூரித்தேனை இளக்கிவிடும். விரலால் உருட்டி எடுக்கும் அளவு எடுத்துவிட்டு மிச்சத்தின்மேல் முகப்பவுடர் தூவித் தேய்த்தால் போதும்.

மணிக்கட்டு திரும்பும்போது ஏதோ தடுக்கிறது

இங்கேதான் மக்கள் அதிகம் வெட்டுகிறார்கள். பெரும்பாலும் தவறான இடத்தில். கையுறையைப் போட்டு மட்டையைப் பிடித்து, பக்கைக் கையாள்வதுபோல் மணிக்கட்டை இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்புங்கள். அருகில் ஒருவரை நிற்கவைத்து, துணி எங்கே மடிந்து முட்டுகிறது என்று சாக்குக்கட்டியால் கோடு போடச் சொல்லுங்கள். உங்களால் இதைத் தனியாகச் செய்ய முடியாது. இரண்டு கையும் மட்டையில் இருக்கும்.

கோடு மணிக்கட்டின் உட்பக்கம், நாடி பார்க்கும் இடத்தில் விழுந்தால் அங்கே ஒரு சிறு திண்டு இருக்கிறது. கஃப்பின் விளிம்பு நாடாவுக்கும் உள்துணிக்கும் இடையிலான தையலை மூன்று விரல் அகலத்துக்கு மட்டும் பிரியுங்கள். உள்ளே விரலை விட்டால் நுரைத்துண்டு தட்டுப்படும். அது தனியாக மிதந்தால் அப்படியே இழுத்து எடுத்துவிட்டு விளிம்பைத் தைத்து மூடிவிடலாம். உள்துணியோடு குறுக்குத் தையல் போட்டிருந்தால் முதலில் உள்துணிப் பக்கத்தில் அந்தக் குறுக்குத் தையலைப் பிரிக்க வேண்டும். திண்டை எடுத்த பின் உள்துணி தொளதொளவென்று தொங்கும்; அந்த உபரியை ஒரு சிறு மடிப்பாக மடித்துத் தைத்தால் கை நுழையும்போது சிக்காது.

கோடு புறங்கைப் பக்கம் விழுந்தால், முதலில் கஃப்பில் நாடாக் கயிறு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டு கண் அளவுக்குத் தளர்த்துங்கள். பலருடைய பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும், ஊசியே வேண்டாம். கயிறு இல்லாத கையுறையில் கஃப் உருளையையும் புறங்கை மெத்தையையும் ஒரு துணிப் பாலம் இணைத்திருக்கும். அந்தப் பாலத்தின் இரண்டு ஓரங்களிலும் 1 சென்டிமீட்டர் வரை தையலைப் பிரித்தால் கஃப் சற்று மிதக்கும். நடுப்பகுதியைத் தொடாதீர்கள்.

கஃப்பையே முழுசாக அறுத்து எறிபவர்களும் இருக்கிறார்கள். மணிக்கட்டு பறவைபோல் சுழலும் என்பது உண்மைதான். ஆனால் முழங்கைக் காப்பின் கீழ்விளிம்புக்கும் கையுறைக்கும் நடுவே வெற்றுத்தோல் தெரியும். மட்டை வெட்டுகள் அங்கேதான் வந்து விழும். கஃப் குட்டையாக இருக்க வேண்டும் என்றால் அப்படித் தைத்த கையுறையையே வாங்குங்கள். உள்ளே மணிக்கட்டுக் காப்புப் பட்டையும் போட்டுக்கொள்ளுங்கள்.

கட்டைவிரல் மரத்துப்போகிறது அல்லது குத்துகிறது

மரத்துப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் கவட்டுத் திண்டு. முன்பு சொன்ன முறையில் அதை எடுக்கலாம். கட்டைவிரலுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தகட்டை மட்டும் எடுக்காதீர்கள். கட்டைவிரல் பின்னோக்கி வளைந்து, அதன் அடி மூட்டின் தசைநார் கிழிவதைத் தடுப்பதற்காகவே அது இருக்கிறது. விழும்போது மட்டையை விடாமல் பிடித்திருக்கும் ஆட்டத்தில் இது அபூர்வமான காயம் அல்ல.

குத்துகிறது என்றால் தகட்டின் உறை தேய்ந்து முனை வெளியே எட்டிப் பார்க்கிறது என்று பொருள். முனையைத் துணி டேப்பால் இரண்டு சுற்றுச் சுற்றி, உறையின் கிழிசலுக்குச் சிறு துண்டு வைத்துத் தையுங்கள். முனையை உப்புத்தாளால் தேய்த்து உருண்டையாக்கலாம், குட்டையாக்க வேண்டாம்.

விரல்கள் இறுக்கம்

இது மெத்தைக் குறையே அல்ல. முழங்கை மடிப்பிலிருந்து விரல்களின் அடிவரை அங்குலத்தில் அளந்து பாருங்கள். அந்த எண்ணே கையுறை அளவு. பெரியவர்களுக்கு 13 முதல் 15 வரை வரும். விரல் நுனி கையுறையின் முனையில் முட்டக் கூடாது. அளவு சரியாக இருந்தும் இறுக்கம் என்றால் வார்ப்பு உங்களுக்கு ஒத்துவரவில்லை. குறுகலான வார்ப்பை விட்டு, நான்கு பட்டை கொண்ட பழைய பாணி அகலக் கையுறைக்கு மாறுங்கள். விரல் பட்டைகளுக்குள்ளிருந்து நுரையை உருவி இடம் பிடிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அவர் விரலைக் கேட்டுப் பெற்று அதில் சோதித்துப் பார்க்கலாம்.

கையை உருவும்போது உள்துணியும் கூடவே வருகிறது

திண்டைப் பிடித்திருந்த அதே தையல்தான் உள்துணியையும் பிடித்திருந்தது. இப்போது இரண்டுக்கும் பிடிமானம் இல்லை. மரக் கரண்டியின் காம்பால் உள்துணியை விரல் நுனிவரை தள்ளுங்கள். காம்பை வெளியே எடுக்காமல், வெளிப்புறத்தில் விரலிடுக்குத் துணி தொடங்கும் இடத்தில் ஊசியை நுழைத்து உள்துணியின் ஓர் இழையை மட்டும் பிடித்து இரண்டு கண்ணி போட்டு முடியுங்கள். காம்பு உள்ளே இருப்பதால் எதிர்ப்பக்கத் துணியையும் சேர்த்துத் தைத்துவிடும் அபாயம் இல்லை. ஒவ்வொரு விரலிடுக்கிலும் ஒரு முடிச்சு போதும். முடிச்சு உட்பக்கம் விழக் கூடாது. விழுந்தால் அடுத்த ஆட்டத்திலேயே அந்த விரலில் கொப்புளம்.

எடுக்காத தையலும் பிரிந்துகொண்டே போகிறது

நூலின் நுனியைக் கட்டாமல் விட்டதன் விளைவு. பிரிப்பதை நிறுத்திய இடத்தில் நூலை ஒட்ட வெட்டாமல், மூன்று கண்ணி நீளத்துக்கு வால் விட்டு, ஊசியில் கோத்து உட்புறம் இழுத்து அடிநூலோடு முடிச்சுப் போட வேண்டும். நைலான் நுனியைத் தீப்பெட்டி நெருப்பில் காட்டி உருக்கி அழுத்தலாம், ஆனால் பக்கத்தில் நுரை தெரியும் இடத்தில் நெருப்பு வேண்டாம்.

கை நுழையாத ஆழத்தில், விரல் நடுவே தையல் விட்டுப்போனால் வீட்டுத் தையல் இயந்திரம் உதவாது. டொராண்டோவின் ஸ்கார்பரோவில் சேலை ரவிக்கை தைக்கும் கடைக்குக் கையுறையோடு போய் நிற்பதிலும் பயனில்லை. அவர்கள் இயந்திரத்தின் தட்டையான அடிப்பாகம் விரலுக்குள் போகாது. செருப்பு, காலணி பழுதுபார்க்கும் கடையில் ஒல்லியான நீண்ட கை கொண்ட இயந்திரம் இருக்கும். சிங்கர் 29கே அந்த வகையில் பழைய பேர்போனது. அதன் கை குழாய்போன்ற இடத்துக்குள் நுழையும். காற்பகுதி எந்தப் பக்கமும் சுற்றும். உள்ளங்கை முழுவதையும் மாற்றித் தைக்க வேண்டிவந்தாலும் அவர்களிடமே போகலாம்.

நடுவர் கையுறையைக் காட்டச் சொல்கிறார்

உள்ளங்கையில் ஓட்டை இருக்கிறது. மட்டை நன்றாகத் தெரியட்டும் என்று உள்ளங்கையையே வட்டமாக வெட்டி எடுக்கும் பழக்கம் பழங்காலத்தில் இருந்து வருகிறது. என்.எச்.எல். விதிப்புத்தகம், வெறுங்கையைப் பயன்படுத்தும்படி உள்ளங்கை முழுவதையோ ஒரு பகுதியையோ அகற்றிய கையுறையைச் சட்டவிரோதச் சாதனம் என்றே வகைப்படுத்துகிறது. வெறும் விரல் வெளியே வந்தால் எதிராளியின் சட்டையை நடுவருக்குத் தெரியாமல் பிடித்து இழுக்க வசதி. ஒட்டை எடுப்பது இதில் சேராது. அடித்துணி முழுதாக இருக்கும்வரை உங்கள் மேல் குற்றமில்லை. தேய்ந்து ஓட்டை விழுந்தாலோ நீங்கள் வெட்டியதா தேய்ந்ததா என்று நடுவர் விசாரணை நடத்திக்கொண்டிருக்க மாட்டார். ஆட்டத்துக்கு முன் ஒட்டுப் போட்டுவிடுங்கள்.

ஒரு கை சரி, மற்றது வெறுமையாக உணர்கிறது

இரண்டு கையுறையையும் ஒரேபோல் பிரித்திருப்பீர்கள். மட்டையின் மேல்முனையைப் பிடிக்கும் கைக்கு மணிக்கட்டுச் சுழற்சி முக்கியம்; கீழே பிடிக்கும் கைதான் அதிக வெட்டு வாங்குகிறது. மேல்கையில் கஃப்பைத் தளர்த்தி, கீழ்க்கையில் உள்ளங்கை ஒட்டை மட்டும் எடுத்து நிறுத்துவது பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். கீழ்க்கையில் எடுத்த கஃப் திண்டை அதே வழியாக உள்ளே தள்ளித் தைத்துவிடுங்கள். அதற்காகத்தான் எடுத்த எதையும் குப்பையில் போடாமல், இடது வலது என்று மார்க்கரால் எழுதி ஓர் உறையில் போட்டுக் கையுறைப் பையிலேயே வைத்திருக்கச் சொல்வது. எழுதாமல் விட்டால் இரண்டு நுரைத்துண்டுகளில் எது எந்தக் கைக்கு உரியது என்று யாராலும் சொல்ல முடியாது.